ஒழுகாத கூரை

என் கணவர் மீசையை எடுத்தது நாங்கள் சிட்னிக்கு வந்த முதல் குளிர்காலத்தில். யாழ்ப்பாணத்தில் கணக்கு வாத்தியாராக இருந்த மனிதர். எங்கள் கல்யாணப் படத்தைப் பார்ப்பவர்களுக்கு என் கூறைச் சேலைக்கு முன்னால் அவருடைய மீசைதான் கண்ணில் படும். எழுபதுகளின் தொடக்கத்தில் இங்கே தமிழ்க் குடும்பங்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான். மாதத்தில் ஒரு ஞாயிறு யாராவது ஒருவர் வீட்டில் கூடுவோம். மீசை இல்லாமல் அவர் போய் நின்றதும் ஆளாளுக்குப் பகிடி பண்ணினார்கள். வெள்ளைக்காரனாகிவிட்டார் என்றார்கள். வேலை செய்யும் இடத்தில் பெண்கள் அதிகமோ என்று ஒருவர் என்னிடமே வந்து கேட்டார். என் கணவர் சிரித்துக்கொண்டு நின்றார். காரணத்தை நான்தான் சொன்னேன். மகளுக்கு உதடு தெரிய வேண்டும்.

எங்கள் ஒரே மகளுக்கு நடக்கப் பழகிய வயதில் ஊரிலேயே ஒரு காய்ச்சல் வந்து காதைக் கெடுத்துவிட்டுப் போனது. முழுவதும் போகவில்லை. பெரிய சத்தங்கள் கேட்கும். பேச்சு கரைந்து போய்விடும். சிட்னியில் அவளுக்கு ஒரு கருவி கொடுத்தார்கள். நெஞ்சில் கட்டும் சின்னப் பெட்டி, அதிலிருந்து காதுக்கு ஒரு கம்பி. அந்தப் பெட்டிக்கு நல்லது கெட்டது தெரியாது. அப்பா பேசினாலும், கதிரை இழுபட்டாலும், குசினியில் சட்டி விழுந்தாலும் எல்லாவற்றையும் ஒரேயளவு பெரிதாக்கி அவள் காதுக்குள் கொட்டும். அந்த இரைச்சலுக்குள் பேச்சைத் தேடிப் பிடிக்க அவளுக்கு இருந்த ஒரே வழி, பேசுகிறவரின் உதட்டைப் பார்ப்பதுதான்.

பின்னேரம் வேலையால் வந்ததும் அவர் கதிரையை யன்னல் பக்கம் திருப்பிப் போட்டு, முகத்தில் வெளிச்சம் விழும்படி உட்காருவார். மகள் எதிரில் முக்காலியில் இருப்பாள். நரியும் காகமும், பேருந்தில் கண்ட மனிதர்கள், தான் வேலை செய்த சரக்குக் களஞ்சியத்தில் அன்றைக்கு உடைந்த பெட்டி, எல்லாவற்றையும் நிதானமாகச் சொல்லுவார். விளங்காவிட்டால் அவள் இரண்டு கையாலும் அவருடைய தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பி, "திருப்பிச் சொல்லுங்கோ" என்பாள். அப்படித்தான் அவள் தமிழ் படித்தாள். என்னிடம் அவளுக்கு அவ்வளவு பொறுமை இல்லை. என் வாய் ஒரு இடத்தில் நிற்காது என்பது ஊரறிந்த விஷயம். பாதி வசனத்தில் அடுப்புப் பக்கம் திரும்பிவிடுவேன்.

வென்ட்வேர்த்வில் ஸ்டேஷனில் இறங்கி பஸ் எடுத்துப் போகும் ஒரு புதுக் குடியிருப்பில் எங்கள் வீடு. இன்றைக்கு அந்த ஸ்டேஷனடியில் இடியப்பமும் மீன்குழம்பும் வாங்கலாம். அன்றைக்குக் கொத்தமல்லி வாங்குவதற்கே நகரத்துக்கு ரயிலேற வேண்டும். வீடுகள் மளமளவென்று எழும்பின. பள்ளிக்கூடம் மட்டும் எழும்பவில்லை. பிள்ளைகள் கூடக் கூட, கல்வி இலாகா லொறியில் தகர அறைகளைக் கொண்டுவந்து மைதானத்தில் இறக்கிவிட்டுப் போனது. டிமவுண்டபிள் என்பார்கள். சின்னக் கால்களில் நிற்கும் நீளப் பெட்டி. அதற்குள் நாற்பதுக்கு மேல் பிள்ளைகள். வெயிலில் அவியும், மழையில் ஒழுகும். மழை பெய்தால் கூரை போடும் சத்தத்தில் நல்ல காதுள்ள பிள்ளைகளுக்கே டீச்சர் பேசுவது கேட்காது. என் மகள் காதுக் கருவியை அமர்த்திவிட்டு யன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

தலைமை ஆசிரியர் எங்களைக் கூப்பிட்டு, வருத்தத்தோடுதான் சொன்னார். இந்த வகுப்பறையில் இவளால் படிக்க முடியாது. சத்தம் புகாத ஒரு சின்ன அறையும், காது கேளாத பிள்ளைகளுக்குப் பயிற்சி பெற்ற ஓர் ஆசிரியரும் இந்தப் பள்ளிக்கு வந்தால் இங்கேயே இருக்கலாம். வராவிட்டால் நகரத்தின் மறுபக்கத்தில் காது கேளாதவர்களுக்கென்று உள்ள விடுதிப் பள்ளிக்குத்தான் அனுப்ப வேண்டியிருக்கும். திங்கள் போனால் வெள்ளி வரலாம். மகளுக்கு அப்போது ஏழு வயது. இருட்டில் பேச்சை வாசிக்க முடியாதென்று, விளக்கை அணைத்தால் அழும் பிள்ளை. அவளை முன்பின் தெரியாதவர்களிடம் விட்டுவிட்டு வந்து நான் எப்படிச் சோறு தின்பேன் என்று நினைத்து, வீட்டுக்கு நடந்து திரும்பும் வழியெல்லாம் அழுதேன்.

எங்கள் தெருவின் மூலை வீட்டுக்காரிதான் பெற்றோர் சங்கத்தை நடத்தினாள். வீடு நிறையப் பிள்ளைகள், முகம் நிறைய மச்சப்புள்ளிகள், ஒரு கையில் எந்நேரமும் சிகரெட். அவள் சத்தம் போட்டால் அடுத்த தெரு நாய் குரைக்கும். அந்த நாட்களில் பள்ளிகளுக்குப் பணம் வரப்போகிறது என்று எல்லா இடத்திலும் பேச்சு. கேட்கிற இடத்துக்குத்தான் வரும், வாயை மூடிக்கொண்டிருந்தால் பணக்காரப் பள்ளிகளுக்குப் போய்விடும் என்று அவள் சொன்னாள். நிரந்தரக் கட்டடம், சின்ன வகுப்புகள் என்று அவர்கள் முதலே கேட்டுக்கொண்டிருந்தார்கள். என் கதையைக் கேட்டபிறகு சத்தம் புகாத அறையையும் சேர்த்துவிட்டாள். சேர்த்ததோடு நில்லாமல் அதைத்தான் முதலில் பேசினாள்.

நான் சேலைக்கு மேல் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு ஸ்டேஷனில் நின்று கையெழுத்து வாங்கினேன். சேலையோடு வா, சனம் நின்று பார்க்கும் என்று அவள்தான் சொன்னாள். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. நான் என்ன மிருகக்காட்சிச் சாலையா? ஆனால் அவள் சொன்னது சரி. நின்றார்கள், பார்த்தார்கள், கையெழுத்தும் போட்டார்கள். ஒரு கிழவர் நான் எதையோ விற்கிறேன் என்று நினைத்து, வேண்டாம் என்று தலையாட்டிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். சனிக்கிழமைகளில் தேங்காய்ப்பூவில் புரட்டிய லமிங்டன் கேக் செய்து விற்றோம். தேங்காய்ப்பூ விஷயத்தில் மட்டும் நான் அவர்களுக்குப் பாடம் எடுத்தேன். பாராளுமன்றத்துக்கு முன்னால் ஊர்வலம் போனபோது அட்டைகளில் எழுதியதெல்லாம் என் கணவர். கரும்பலகையில் பழகிய கை. ஒவ்வொரு எழுத்தும் அச்சடித்தது போல் நின்றது. இங்கே அவருடைய வாத்தியார் படிப்பை ஒருவரும் ஏற்கவில்லை. ஒரு களஞ்சியத்தில் வரும் சரக்கைக் குறிக்கும் வேலைதான் கிடைத்தது. அந்த அட்டைகளை எழுதும்போது மட்டும் அவர் பழைய ஆளாக இருந்தார்.

கடைசியில் இலாகாவிலிருந்து ஓர் அதிகாரி நேரில் வந்து பார்ப்பதாகச் சொல்லி அனுப்பினார்கள். எங்கள் பகுதிப் பள்ளிகளைச் சுற்றிப் பார்த்து, அந்த வருஷம் எந்தப் பள்ளிக்குக் கட்டடம் என்று அவர்தான் சொல்லப் போகிறார். மூலை வீட்டுக்காரி எல்லோரையும் கூட்டிவைத்து ஒன்றே ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள். எதையும் தொடாதீர்கள். வாளிகள் இருந்த இடத்தில் இருக்கட்டும். கூரையில் கறை அப்படியே இருக்கட்டும். உடைந்த யன்னலில் ஒட்டிய காகிதத்தையும் கழற்ற வேண்டாம். முடிந்தால் எல்லோரும் மழைக்கு மன்றாடுங்கள். என் கணவர் முன் வரிசையில் இருந்து கேட்டார். கேட்டுக்கொண்டேன் என்பதற்கு நாங்கள் ஆட்டுவது போல இரண்டு பக்கமும் தலையை ஆட்டினார். அவள் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள்.

அன்று வீட்டுக்கு வந்ததும் அவர் என்னிடம் சொன்னது ஒரு வசனம்தான். "இன்ஸ்பெக்டர் வாற இடத்தை ஊத்தையா வைச்சிருக்கிறதே?" வெள்ளைக்காரருடைய ஊர், அவர்களுடைய முறை அவர்களுக்குத் தெரியும் என்று நான் சொன்னேன். விஷயம் அதோடு முடிந்ததென்று நினைத்தேன்.

ஊரில் இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றால் பள்ளிக்கூடம் கலியாண வீடு மாதிரி ஆகிவிடும். நானும் அப்படியொரு பள்ளியில் படித்தவள்தான். தரை கழுவி, சுவருக்கு வெள்ளை அடித்து, மாவிலை கட்டி, பிள்ளைகளின் நகம்கூடப் பார்ப்பார்கள். பள்ளி எவ்வளவு துப்புரவோ அவ்வளவுக்கு இன்ஸ்பெக்டர் மனம் குளிருவார். குளிர்ந்தால் கேட்டது கிடைக்கும். அப்படித்தான் ஒருமுறை அவருடைய பள்ளிக்கு விஞ்ஞான அறையே கிடைத்தது. அழுக்காய் நின்று கையேந்துகிறவனைவிட ஒழுங்காய் நின்று கேட்கிறவனுக்குத்தான் கொடுப்பார்கள் என்பது அவர் கண்ணால் கண்ட உண்மை. பாவம், அந்த மூலை வீட்டுக்காரிக்கு நல்ல மனம், ஆனால் அதிகாரிகளின் போக்குத் தெரியவில்லை என்று அவர் நினைத்திருக்கிறார்.

அந்த ஞாயிறு எங்கள் ஆட்களின் கூட்டம். தனக்கு ஒரு சின்ன வேலை இருக்கிறதென்று என்னையும் மகளையும் இன்னொரு குடும்பத்தோடு அனுப்பிவிட்டார். பின்னேரம் நாங்கள் திரும்பி வந்தபோது குசினியில் நின்று மண்ணெண்ணெய் போட்டுக் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். விரலெல்லாம் தார். ஊர்வல அட்டைக் கட்டைகளுக்குத் தார் பூசியிருப்பார் என்று நினைத்தேன். தெரிந்திருந்தால் நான் போய் ஏணியையே தூக்கிக்கொண்டு வந்திருப்பேன்.

மறுநாள் திங்கட்கிழமை காலை அதிகாரி வந்தபோது நல்ல மழை. மூலை வீட்டுக்காரி சின்னப் பிள்ளை மாதிரி வானத்தைப் பார்த்துச் சிரித்தாள். குடைக்குள் என்னை இழுத்துக் கையை அழுத்திப் பிடித்தாள். என் கணவர் லீவு போட்டுவிட்டு, கல்யாணத்துக்குத் தைத்த கோட்டுச் சூட்டில் வந்து நின்றார். அதிகாரி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு தகர அறைக்குள் ஏறினார். நாங்கள் பின்னால் ஏறினோம்.

ஒரு சொட்டு விழவில்லை. வாளிகளைக் காணவில்லை. கூரையின் உட்பக்கம் முழுவதும் களஞ்சியத்திலிருந்து கொண்டுவந்த தடித்த காகித மட்டைகளை அடித்து, வெள்ளைப் பெயின்ற் பூசியிருந்தது. மழைச் சத்தம் எங்கோ அடுத்த தெருவில் கேட்பது போலக் கேட்டது. யன்னலில் புதுக் கண்ணாடி. கதிரைக் கால் ஒவ்வொன்றுக்கும் சைக்கிள் டியூப்பை வெட்டி மாட்டியிருந்தார். பிள்ளைகள் எழுந்து நின்று காலை வணக்கம் சொன்னபோது ஒரு கதிரைகூடக் கிறீச்சிடவில்லை. முன் வரிசையில் இருந்த என் மகள் டீச்சரின் வாயைப் பார்த்தாள், பிறகு அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள். மழை நாளில் அந்த அறைக்குள் அவளுக்குப் பேச்சு விளங்கியது அன்றைக்குத்தான்.

அதிகாரி நடுவில் நின்று கூரையைப் பார்த்தார். தான் போன பள்ளிகளிலேயே பெற்றோர் இவ்வளவு அக்கறையாகப் பார்த்துக்கொள்ளும் இடம் இதுதான் என்று மனம் நிறைந்து சொன்னார். இன்னும் பல வருஷம் தாங்கும் என்றார். மூலை வீட்டுக்காரி விடவில்லை. போன கிழமைவரை இது ஒழுகியது, பிள்ளைகளை எண்ணிப் பாருங்கள், மற்ற அறைகளையும் வந்து பாருங்கள் என்று பின்னால் ஓடினாள். அவர் எல்லாவற்றுக்கும் ஓம் என்பது போலத் தலையசைத்தார், ஆனால் மற்ற அறைகளுக்கு ஏறவில்லை. கண் மட்டும் அந்த வெள்ளைக் கூரையிலேயே நின்றது. இதையெல்லாம் தானே செய்ததாக என் கணவர் முன்னால் வந்து சொன்னார். அதிகாரி அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அதிகாரி காரில் ஏறிப் போனார். மூலை வீட்டுக்காரி சிகரெட்டைப் பற்றவைக்கப் பார்த்தாள், மழையில் பற்றவில்லை. அவள் கத்தப் போகிறாள் என்று நான் பயந்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். என் கணவரின் தோளில் கையை வைத்து, எல்லோரையும் கூப்பிடுவது போல 'லவ்' என்று கூப்பிட்டு, வேலை நன்றாகச் செய்திருக்கிறாய் என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தாள்.

வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் அவர் கேட்டார்.

"அந்த மனுசன் சந்தோஷமாத்தானே போனவர்?"

"ஓம். சந்தோஷமாத்தான் போனவர்," என்றேன். "இஞ்ச அழுகிற இடத்துக்குத்தான் குடுப்பினம். நீங்கள் அழ விடேல்லை."

அவர் குடையை என் பக்கம் சரித்துப் பிடித்தபடி, நனைந்துகொண்டு நடந்தார். எனக்கு அவர்மேல் கோபம் பொங்கியது. அதைவிட அந்த அதிகாரிமேல் பொங்கியது. ஒரு தகப்பன் ஏன் கதிரைக் காலுக்கு ரப்பர் போடுகிறான் என்று கேட்கத் தெரியாத மனிதன் என்ன பள்ளிக்கூடத்தைப் பார்க்க வந்தான்?

கட்டடம் வேறொரு பள்ளிக்குப் போனது. அங்கே தரை இற்றுப்போய் ஒரு பிள்ளையின் கால் உள்ளே போனதாம். அவர்களுக்கும் தேவைதான், அதைக் குறை சொல்ல முடியாது. எங்களுக்கு அடுத்த முறை பார்க்கலாம் என்றார்கள். கோடை வந்ததும் கூரையில் பூசிய தார் வெயிலில் உருகி வழிந்தது. அடுத்த மழைக்கு மட்டைகள் ஊறி ஒவ்வொன்றாகத் தொங்கின. வாளிகள் திரும்பி வந்தன. அந்தத் தவணையோடு மகளை விடுதிப் பள்ளிக்கு அனுப்பினோம்.

முதல் திங்கட்கிழமை அவர்தான் ரயிலில் கூட்டிக்கொண்டு போனார். நான் ஸ்டேஷனோடு நின்றுகொண்டேன். அவள் ரயில் யன்னலில் முகத்தை வைத்து என் உதட்டையே பார்த்தாள். அழுதுகொண்டு பேசினால் உதட்டை வாசிக்க முடியாது. அதனால் ஒன்றும் சொல்லாமல் கையைக் காட்டினேன்.

விடுதிப் பள்ளி நல்ல பள்ளிதான். அன்பானவர்கள். அவள் கெட்டிக்காரியானாள். ஆனால் அங்கே எங்களுக்கு ஒரு புத்தி சொன்னார்கள். இப்படியான பிள்ளையை இரண்டு மொழியில் குழப்பக் கூடாது, வீட்டிலும் இங்கிலீஷ் மட்டும் பேசுங்கள் என்றார்கள். அப்போது எல்லா நிபுணர்களும் அதைத்தான் சொன்னார்கள். இப்போது அது தேவையில்லை என்கிறார்கள். இப்போது சொல்லி என்ன பயன்? படித்தவர்கள் சொன்னால் கேட்கிற சாதி நாங்கள். கேட்டோம். அவருக்கு இங்கிலீஷ் நன்றாகத் தெரியும், ஆனால் யாழ்ப்பாணத்து வாயால் வரும் இங்கிலீஷ். டீச்சர்களின் உதடு மடியும் விதம் வேறு, இவருடையது வேறு. வெள்ளிக்கிழமைகளில் அவர் யன்னலடியில் கதிரையைப் போட்டுக்கொண்டு இங்கிலீஷில் நரிக் கதை சொல்லுவார். அவள் கொஞ்ச நேரம் மரியாதைக்குப் பார்த்துக்கொண்டிருப்பாள். பிறகு என்னைப் பார்ப்பாள். நான் சந்தைக்கும் ஸ்டேஷனுக்கும் அலைந்து மூலை வீட்டுக்காரியிடம் பிடித்த இங்கிலீஷ் அவளுக்கு விளங்கியது.

அவர் சங்கத்தை விடவில்லை. ஒவ்வொரு கூட்டத்துக்கும் போய்ப் பின் வரிசையில் இருப்பார். அட்டை எழுதச் சொன்னால் எழுதுவார். மகள்தான் போய்விட்டாளே, இன்னும் ஏன் வருகிறார் என்று சிலர் கேட்டார்களாம். மூலை வீட்டுக்காரி அவர்களை ஒரு பிடி பிடித்தாள். நானும் கையெழுத்துக்கு நின்றேன். வேறு பிள்ளைகளின் தாய்மார் புதிதாக வந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு லமிங்டன் செய்யச் சொல்லிக்கொடுத்தேன்.

எழுபதுகள் முடியும் தறுவாயில் கட்டடம் வந்தது. செங்கல் கட்டடம், நல்ல கூரை, கோடியில் கம்பளம் விரித்த சின்ன அறை. திறப்பு விழாவுக்கு விடுமுறையில் நின்ற மகளையும் கூட்டிக்கொண்டு போனோம். அவள் என் தோளுக்கு வளர்ந்திருந்தாள். மூலை வீட்டுக்காரி அதற்குள் நரைத்துவிட்டாள்; எங்களைக் கண்டதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, முதலில் நீங்கள் போய்ப் பாருங்கள் என்று அந்தச் சின்ன அறையைத் திறந்துவிட்டாள்.

கதவைச் சாத்தியதும் வெளியே இருந்த கூட்டத்தின் சத்தம் நின்றது. அவர் சுவரைத் தொட்டுப் பார்த்தார். கதிரை ஒன்றை இழுத்துப் பார்த்தார், சத்தம் வரவில்லை. பிறகு அதை யன்னலடிக்குக் கொண்டுபோய், முகத்தில் வெளிச்சம் விழும்படி உட்கார்ந்து, மகளை எதிரில் இருக்கச் சொல்லிக் கையைக் காட்டினார். இத்தனை வருஷத்துக்குப் பிறகு, நிபுணர்களையெல்லாம் மறந்து, தமிழில் சொன்னார்.

"பிள்ளை, இதுக்குள்ள இருந்து கதைச்சிருந்தால் உனக்கு எல்லாம் விளங்கியிருக்கும்."

நிதானமாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். அவள் அவருடைய உதட்டைக் கடைசிவரை பார்த்தாள். அவள் கையைத் தூக்கித் தாடையைப் பிடிப்பாள் என்று நான் காத்துக்கொண்டு நின்றேன். அவள் திரும்பி, அப்பா என்ன சொல்கிறார் என்று இங்கிலீஷில் என்னிடம் கேட்டாள்.

நான் வாயைத் திறக்குமுன் அவர் எழும்பிவிட்டார். ஒன்றுமில்லை, அறை வடிவாக இருக்கிறதென்று சொன்னேன் என்று இங்கிலீஷில் சொல்லிக் கதிரையை இருந்த இடத்தில் கொண்டுபோய் வைத்தார்.

அடுத்த திங்கட்கிழமை காலை அவர் குளியலறையில் சவரம் செய்துவிட்டு வந்தார். மேலுதட்டை மட்டும் விட்டிருந்தார். அடுத்த மாதக் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை மகள் வந்தபோது மீசை நன்றாக வளர்ந்து, பாதி நரையோடு, உதட்டை மூடிவிட்டது. அப்பாவுக்கு அது வடிவாக இருக்கிறது என்று அவள் என்னிடம் சொன்னாள்.